நிட்டிங் கட்டமும் குரோஷே கட்டமும் ஒரே மஃப்ளர்ல சேருமா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியணும். பல வருஷமா ஒரே ஹூக் வெச்சு குரோஷே போடறீங்க, ரெண்டு நீடில் வெச்சுப் போடற நிட்டிங் போன வருஷம்தான் கத்துக்கிட்டீங்க, டொராண்டோல இருக்கற அக்காவுக்கு ரெண்டையும் கலந்து சின்னச் சின்னக் கட்டமா போட்டு ஒரு மஃப்ளர் பண்ணி அனுப்பணும்னு ஆசை. ஆறு கட்டம் போட்டு சேர்த்துப் பார்த்தா நிட்டிங் கட்டம் நடுவுல உப்பிக்குது, குரோஷே கட்டம் ஓரத்துல அலை அலையா நிக்குது, ரெண்டும் சேரவே சேராதா இல்ல என் கையிலதான் தப்பான்னு கேட்டிருக்கீங்க.

நல்லாவே சேரும். உங்க கையில தப்பும் இல்ல. நான் இந்த மாதிரி கலந்து பத்துப் பன்னெண்டு மஃப்ளர் பண்ணியிருக்கேன், முதல் ரெண்டுலயும் நீங்க சொன்ன அதே கோளாறுதான், அதனால நான் எதை மாத்தினேன்னு முழுசா எழுதறேன், நீளமா போகும், ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காந்து படிங்க.

ஏன் அப்படி ஆகுதுன்னா, ஒரே நூல், ஒரே 4 மி.மீ. அளவு நீடில், ஹூக் வெச்சுப் போட்டாலும் ரெண்டு துணியும் ஒண்ணு இல்ல. நிட்டிங்ல ஒரு கண்ணிக்குள்ள இருந்து இன்னொரு கண்ணியை இழுக்கறோம் அவ்வளவுதான், குரோஷேல கீழ் வரிசையில இருந்தும் இழுக்கறோம், பக்கத்து கண்ணி வழியாவும் இழுக்கறோம், அதனால ஒவ்வொரு ஸ்டிட்ச்சும் கனமா அகலமா ஒரு சின்ன முடிச்சு மாதிரி உக்காந்துக்கும். 8 ப்ளைங்கற நடுத்தரத் தடிமன் நூல்ல என் கைக்கு கார்ட்டர், அதாவது எல்லா வரிசையும் நிட்டாவே போடற தினுசு, 10 செ.மீ.ல 21, 22 ஸ்டிட்ச் வரும். அதே நூல்ல சிங்கிள் குரோஷே 17, 18தான் வரும். அப்போ 15 ஸ்டிட்ச் இங்க 7 செ.மீ., அங்க எட்டரை செ.மீ. இந்த ரெண்டையும் ஸ்டிட்ச்சுக்கு ஸ்டிட்ச் வெச்சு தைச்சா நீளமானது அலையாம வேற என்ன பண்ணும்? (சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ட்ரெபிள்னு ஒண்ணை விட ஒண்ணு உசரமா வர்ற குரோஷே ஸ்டிட்ச்சுக்கு நான் எழுதறதெல்லாம் அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் பேட்டர்ன்ல இதே சிங்கிளுக்கு டபுள்னும், இதே டபுளுக்கு ட்ரெபிள்னும் எழுதியிருப்பாங்க. பழைய பேட்டர்ன் புக் வெச்சிருந்தீங்கன்னா இதை முதல்ல பார்த்துக்குங்க, பாதிக் குழப்பம் இங்கதான் ஆரம்பிக்கும்.)

உடனே எல்லாருக்கும் தோணறது, ஸ்கேல் வெச்சு ரெண்டையும் 8 செ.மீ.னு அளந்து போட்டுடலாம்ங்கறது. நானும் அப்படித்தான் பண்ணேன். ஆனா நிட்டிங் இழுத்த இழுப்புக்கு வரும், டேபிள் மேல 8 இருக்கறது கழுத்துல ஒரு மணி நேரம் தொங்கினா எட்டரை ஆயிடும், குரோஷே பிடிவாதமா அப்படியே நிக்கும். அதனால நான் கட்டத்தோட நடுவை அளக்கறதையே விட்டுட்டேன். ஓரத்தை மட்டும் எண்றேன். உள்ள நிட்டிங்கோ குரோஷேவோ பூவோ இலையோ என்ன வேணா இருக்கட்டும், கடைசிச் சுத்து மட்டும் எல்லா கட்டத்துக்கும் ஒரே நூல், ஒரே ஹூக், ஒரே எண்ணிக்கை. தைக்கும்போது குரோஷே ஓரமும் குரோஷே ஓரமும்தான் சந்திக்கும், நிட்டிங் உள்ளயே பத்திரமா இருந்துக்கும்.

என் எண்ணிக்கை பக்கத்துக்கு 15. ஏன் 15னு கேட்டா, நிட்டிங்லயும் குரோஷேலயும் அது தானாவே வந்து விழுது, நான் எங்கயும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்ல. எப்படின்னு சொல்றேன்.

நிட்டிங் கட்டத்துக்கு நான் போடறது மூலையில மடிஞ்ச மாதிரி வரும் கட்டம், மைட்டர்ட் ஸ்கொயர்னு சொல்வாங்க. ஜெர்மனியில ஹோர்ஸ்ட் ஷூல்ட்ஸ், டென்மார்க்ல விவியன் ஹாக்ஸ்ப்ரோ ரெண்டு பேரும் இந்தக் கட்டத்தை வெச்சே முழு ஸ்வெட்டர், சால்வை எல்லாம் பண்ணி இதைப் பரப்பினவங்க. நீடில்ல 31 ஸ்டிட்ச் ஏத்திக்குங்க, அதாவது 15, நடுவுல ஒண்ணு, திரும்ப 15. நடு ஸ்டிட்ச்ல ஒரு வேற கலர் நூல் துண்டு கட்டி விட்டுக்குங்க. முதல் வரிசை பின்பக்கம், எல்லாம் நிட். திருப்பி முன்பக்கம் வரும்போது 14 நிட் போட்டு, அடுத்த ரெண்டை சேர்த்து நிட் போடற மாதிரி நீடிலை விட்டு போடாமலே வலது நீடிலுக்கு மாத்திட்டு, அதுக்கடுத்ததை நிட் போட்டு, மாத்தின ரெண்டையும் அது தலை மேல தாண்ட விட்டுடுங்க. மூணு ஒண்ணாச்சு. மிச்ச 14ஐயும் போட்டு முடிங்க. பின்பக்கம் வெறும் நிட், முன்பக்கம் வரும்போதெல்லாம் நடுவுல இப்படி ரெண்டு குறையும், 15 தடவை குறைஞ்சதும் நீடில்ல ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். கார்ட்டர்ல ஒரு ஸ்டிட்ச் அகலமும் ரெண்டு வரிசை உயரமும் கிட்டத்தட்ட சமம், அதனாலதான் இது கோணாம சதுரமா வருது.

இதுல ஒரு சின்ன விஷயத்தை விட்டுடாதீங்க. ஒவ்வொரு வரிசையிலயும் முதல் ஸ்டிட்ச்சைப் போடாம நிட் மாதிரி மாத்திடுங்க, கடைசி ஸ்டிட்ச்சைப் பர்ல், அதாவது நிட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி வர்ற ஸ்டிட்ச், போடுங்க. அப்படிப் பண்ணா ரெண்டு பக்க ஓரத்துலயும் சடை பின்னின மாதிரி செயின் செயினா அழகா உக்காரும், ரெண்டு வரிசைக்கு ஒரு செயின், ஆக ஒரு பக்கத்துக்கு 15 செயின். ஏத்தின பக்கத்துலயும் மூலைக்கு ரெண்டு புறமும் பதினஞ்சு பதினஞ்சு. நாலு பக்கமும் 15 ஆச்சுங்களா?

இப்போ அந்தக் கடைசி ஒரு கண்ணி. இங்க நூலை வெட்டிடாதீங்க. நீடிலை மெல்ல உருவிட்டு அந்தக் கண்ணிக்குள்ள 3.5 மி.மீ. ஹூக்கை விடுங்க. எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், இந்த நொடி வரைக்கும் நிட்டிங், அடுத்த நொடி குரோஷே, நடுவுல முடிச்சு இல்ல, ஒட்டு இல்ல, அதே நூல் அப்படியே ஓடுது. ஒரு செயின் போட்டுட்டு, பக்கத்து ஓரத்துல இருக்கற அந்தச் சடை செயினோட ரெண்டு இழைக்கும் அடியில ஹூக்கை விட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு சிங்கிள், 15 ஆனதும் மூலையில ரெண்டு செயின், திரும்ப 15, இப்படி நாலு பக்கமும் சுத்தி வந்து மூடிடுங்க. ஓரம் மட்டும் வேற கலர்ல வேணும்னா அந்தக் கண்ணியில புது நூலைச் சேர்த்துக்கலாம், ஆனா ஒரே கலர்னா வெட்டாம போங்க, கட்டத்துக்கு ரெண்டு நூல் முனையை ஒளிக்கற வேலை மிச்சம், நாப்பது கட்டத்துக்கு கணக்குப் போட்டுப் பாருங்க.

ஹூக் ஏன் 3.5னு கேப்பீங்க. 4லயே போட்டா மேல சொன்ன மாதிரி 15 சிங்கிள் எட்டரை செ.மீ. ஆகி 7 செ.மீ. கட்டத்தைச் சுத்தி பாவாடை ஃப்ரில் மாதிரி நிக்கும். 3.5ல அது ஏழே முக்கால் பக்கம் வரும், ஓரத்தோட தடிமனும் சேர்றதால கட்டமும் அந்த அளவுக்கு வந்து நிக்கும், சப்பையா படியும். என் கை நடுத்தரம். உங்க கை இறுக்கம்னா 4லயே சரியா வரலாம், தளர்வுன்னா 3.25க்கு இறங்குங்க. மூணு கட்டம் சாம்பிள் போட்டுப் பார்க்காம நாப்பதுக்கு இறங்காதீங்க.

குரோஷே கட்டம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, எண்ணிக்கை மட்டும் சொல்றேன். கிரானி ஸ்கொயர், அதாவது மூணு மூணு டபுளை ஒரு கொத்தா வெச்சு நடுவுல இருந்து சுத்திச் சுத்திப் போடற சதுரம், மூணு சுத்து, கொத்துக்குக் கொத்து நடுவுல ஒரு செயின் வெச்சு 4 மி.மீ. ஹூக்ல போடுங்க. மூணாவது சுத்துல ஒரு பக்கத்துல மூணு கொத்து, 9 டபுள், நடுவுல ரெண்டு செயின், மொத்தம் 11. ஓரச் சுத்துக்கு 3.5 ஹூக் எடுத்து அந்த 11லயும் ஒவ்வொரு சிங்கிள், மூலை ஓட்டையில ரெண்டு சிங்கிள், ரெண்டு செயின், ரெண்டு சிங்கிள். பக்கத்துக்கு 11ம் ரெண்டும் ரெண்டும் 15. வந்துடுச்சு பாருங்க.

ஆனா டொராண்டோன்னு சொல்லிட்டீங்க, அதனால ஒண்ணு சொல்லியே ஆகணும். கிரானி பார்க்க அழகு, ஆனா ஓட்டை ஓட்டையா இருக்கும், அந்த ஊர் ஜனவரிக் காத்து நேரா கழுத்துக்குள்ள போயிடும். உங்க அக்கா அதைப் போட்டோவுக்குப் போட்டுட்டு கழட்டி வெச்சுடக் கூடாது, தினம் பஸ் ஸ்டாப்புக்குப் போட்டுட்டுப் போகணும். அதனால குரோஷே கட்டத்துல பாதிக்கு மேல ஓட்டையில்லாத கிரானியா போடுங்க. முதல் சுத்து பக்கத்துக்கு 3 டபுள், மூலையில ரெண்டு செயின், அடுத்த சுத்துல மூலையில ரெண்டு டபுள், ரெண்டு செயின், ரெண்டு டபுள், அப்போ பக்கத்துக்கு 7, மூணாவது சுத்துல 11. இதுவும் 11தான்! ஓரம் போட்டா இதுவும் 15. வட்டமா பூ மாதிரி நடுவுல வேணும்னாலும் முடியும், 12 டபுள் ஒரு சுத்து, 24 டபுள் ஒரு சுத்து, மூணாவது சுத்துல ஆறு ஆறு ஸ்டிட்ச்சா பிரிச்சுக்கிட்டு, மூலைக்கு வர்ற ஸ்டிட்ச் ஒண்ணுலயே மூணு ட்ரெபிள், ரெண்டு செயின், மூணு ட்ரெபிள், மிச்சம் அஞ்சுல ஒரு டபுள், மூணு ஹாஃப் டபுள், ஒரு டபுள். ட்ரெபிள் உசரம் அதனால மூலை நீண்டு வட்டம் சதுரமாகுது, இங்கயும் பக்கத்துக்கு 11. மூலை லேசா இழுத்த மாதிரி இருக்கும், ஈரம் பண்ணி பின் குத்தும்போது சரியாயிடும்.

நிட்டிங்ல ஸ்டாக்கினெட் போடாதீங்க. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் போடற அந்த வழவழப்பான முகம் எல்லாருக்கும் பிடிக்கும்தான், ஆனா அது பக்கத்துல உள்பக்கமா சுருண்டுக்கும், மேல கீழ வெளிப்பக்கமா சுருண்டுக்கும், குரோஷே ஓரம் அதை அடக்கினாலும் நடுவுல பானை மாதிரி உப்பும். நீங்க சொன்ன உப்பல் அதுதான்னு நினைக்கறேன். இன்னொண்ணு, மஃப்ளருக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது. போர்வைன்னா ஒரு பக்கம் படுக்கையிலயே கிடக்கும், மஃப்ளர் ஒவ்வொரு சுத்துக்கும் திரும்பிக்கும், ரெண்டு முகமும் தெரியும். கார்ட்டர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே கட்டத்துல கலர் மாத்தினா மட்டும் பின்பக்கம் புள்ளிப் புள்ளியா கோடு விழும், எனக்கு அதுவும் அழகாத்தான் தெரியுது, உங்களுக்குப் பிடிக்கலைன்னா கட்டத்துக்கு ஒரு கலரோட நிறுத்திக்குங்க.

மீதி நூலையெல்லாம் போடப்போறேன்னு சொல்லியிருந்தீங்க, நல்லது, ஆனா தடிமன் ஒண்ணா இருக்கணும். 4 ப்ளை இருந்தா ரெண்டு இழை சேர்த்துப் போடுங்க, கிட்டத்தட்ட 8 ப்ளை மாதிரி ஆயிடும். தடிமனை விடவும் முக்கியம் நூலோட வகை. அசல் கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே மஃப்ளர்ல கலக்காதீங்க. சுடுதண்ணி பட்டு கசக்கினா கம்பளி இறுகி கெட்டியாயிடும், அக்ரிலிக் அப்படியே இருக்கும், முதல் துவைப்புல நீங்க எண்ணி எண்ணி வெச்ச 15 எல்லாம் காத்துல போயிடும். உங்ககிட்ட இருக்கற மீதி பெரும்பாலும் அக்ரிலிக்னா முழுசும் அக்ரிலிக்கே போடுங்க, அக்காவுக்கு மெஷின்ல போட சௌகரியம். என் மனசு கம்பளியைத்தான் சொல்லும், பனியில லேசா நனைஞ்சாலும் கதகதப்பு போகாது, ஆனா கைத்துவைப்புக்கு அவங்களுக்கு நேரம் இருக்கான்னு நீங்கதான் கேட்டுக்கணும்.

மீதி நூல் பல கலர்னா, முன்னாடி சொன்ன மாதிரி கடைசிக் கண்ணியில ஓரக் கலரைச் சேர்த்து, எல்லா கட்டத்தோட ஓரத்துக்கும் ஒரே கலர் வைங்க. எத்தனை கலர் மீதி இருந்தாலும் அந்த ஒரு கலர் எல்லாத்தையும் கட்டிப் பிடிச்சுக்கும். நான் அடர் நீலம், கரும்பச்சை, காப்பிக்கொட்டை கலர் மாதிரி வைப்பேன், கழுத்துப் பக்கம் அழுக்கும் தெரியாது, உள்ள இருக்கற கலர் ஒவ்வொண்ணும் தனியா எடுத்துக் காட்டும். எவ்வளவு நூல்னா, 8 செ.மீ. கட்டம், அகலத்துக்கு ரெண்டு, நீளத்துக்கு இருபது, ஆக 40 கட்டம், 16 செ.மீ.க்கு 160 செ.மீ. எனக்கு எல்லாம் சேர்த்து 220 கிராம் பக்கம் ஆகும், அதுல ஓரக் கலர் மட்டும் 70, 80 கிராம் வரும், அதனால அந்தக் கலரை மட்டும் மீதியில தேடாம ரெண்டு 50 கிராம் உருண்டை ஒரே லாட்ல, அதாவது ஒரே தடவையில சாயம் போட்டதா, புதுசா வாங்கிடுங்க. லாட் நம்பர் லேபிள்லயே இருக்கும், வேற லாட்னா சாயம் ஒரு நூல் வித்தியாசம் காட்டும், வீட்டு லைட்ல தெரியாது, வெயில்ல பளிச்சுனு தெரியும்.

சாயம்னு சொன்னதும் என் ரெண்டாவது மஃப்ளர் ஞாபகம் வருது. சந்தனக் கலர் கட்டமும் நல்ல குங்குமச் சிவப்புக் கட்டமும் மாத்தி மாத்தி வெச்சு, 40ஐயும் சேர்த்து, முனையெல்லாம் ஒளிச்சு முடிச்சு, கடைசியா தண்ணியில முக்கினேன். பக்கெட் தண்ணி ரோஸ் ஆச்சு. எடுத்து விரிச்சா சிவப்பு பக்கத்துல இருந்த சந்தனக் கட்டம் ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலை வெத்தலை எச்சில் பட்ட மாதிரி. ஆறு கட்டம் மோசமா போச்சு, அதைப் பிரிச்சு எடுத்து புதுசா போட்டு வைக்க நாலு நாள் ஆச்சு, அழுகையே வந்துச்சு. சிவப்பு நூலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நான் சோதிச்சிருக்கணும். இப்போ சிவப்பு, கருப்பு, கருநீலம், மெரூன் எதுவா இருந்தாலும் ஒரு சாண் நூலை நனைச்சு வெள்ளைத் துணியில மடிச்சு வெச்சு மேல கனமா எதையாவது வெச்சுட்டு காலையில பார்ப்பேன். கறை இருந்தா அந்த நூல் மஃப்ளருக்கு வேண்டாம், வேற எதுக்காவது வெச்சுக்குங்க.

சேர்க்கறதுக்கு முன்னாடி எல்லா கட்டத்தையும் ஈரமாக்கி ஒரே அளவுக்கு பின் குத்திக் காய வைங்க. நான் தெர்மோகோல் அட்டையில 8 செ.மீ. கட்டம் கட்டமா பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன், அதுல துருப்பிடிக்காத பின் நாலு மூலைக்கும், பக்கத்துக்கு ஒண்ணும். கம்பளி ஈரத்துல என்ன சொன்னாலும் கேட்கும், காஞ்சதும் அந்த ரூபத்துலயே நிக்கும். அக்ரிலிக் ஈரத்துக்கு அவ்வளவா மசியாது, அதுக்கு ஸ்டீம் அயர்னை ஒரு விரல்கடை மேல தூக்கிப் பிடிச்சு ஆவி மட்டும் பட வைக்கணும், தொட்டுடக் கூடாது, தொட்டா நூல் உருகி தொங்கலா பளபளன்னு ஆயிடும், திரும்ப வராது. இந்த வேலையை சேர்த்த பிறகு பண்ணலாம்னு தள்ளிப் போடாதீங்க, தைக்கற சமயத்துல எல்லாம் ஒரே அளவா கையில இருக்கற சுகமே தனி.

தைக்கறதுக்கு மழுங்கின முனை ஊசி, ஓரக் கலர் நூல். ரெண்டு கட்டத்தையும் முகம் மேல பார்க்க பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஓரச் சிங்கிளோட தலையில ரெண்டு இழை தெரியும் இல்ல, அதுல ஒவ்வொரு கட்டத்துலயும் தையலை ஒட்டி இருக்கற வெளி இழையை மட்டும் எடுத்து எடுத்து தைங்க. 15க்கு 15, மூலைச் செயினுக்கு மூலைச் செயின். சப்பையா படியும், பின்பக்கமும் சுத்தம். ரெண்டையும் முகத்தோட முகம் வெச்சு சிங்கிள் போட்டுச் சேர்க்கறது சீக்கிரம் முடியும்தான், ஆனா ஒரு பக்கம் வரப்பு மாதிரி தூக்கி நிக்கும், கழுத்துல அது உறுத்தும், நான் மஃப்ளருக்கு அதைச் செய்யமாட்டேன். முதல்ல குறுக்கே இருக்கற சின்னத் தையல் எல்லாம் போட்டு இருபது கட்ட நீளத்துக்கு ரெண்டு பட்டை பண்ணிக்குங்க. அப்புறம் நடுவுல வர்ற அந்த நீளத் தையல். இதுல கையை இறுக்கினீங்கன்னா மொத்த மஃப்ளரும் வில்லு மாதிரி வளைஞ்சுக்கும். ஒரு கட்டம் தைச்சதும் ரெண்டு கையாலயும் நீளவாக்குல நல்லா ஒரு இழு இழுத்து விடுங்க, நூல் தனக்கு வேணும்கற அளவை எடுத்துக்கும், அப்புறம் அடுத்த கட்டம்.

2016 ஜனவரியில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவுல இருக்கறவங்க 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரிச்சு கின்னஸ்ல ஏறினாங்க. அத்தனை பேரோட கையில ஒருத்தர் இறுக்கம், ஒருத்தர் தளர்வுன்னு இருந்தே தீரும், ஆனாலும் துண்டு துண்டா வந்து ஒண்ணா சேர்ந்துச்சு. உங்களுக்கு ஒரே ஆளோட ரெண்டு கை வேலைதான், பயப்படவே வேண்டாம்.

இது வரைக்கும் சொன்னது கட்டம். ஆனா கட்டம்தான் வழின்னு இல்ல, நீங்க அனுப்பின விவரத்துல இலை, அரை வட்டம், சுருள் எல்லாம் போட்டு வெச்சிருக்கறதா எழுதியிருந்தீங்க, அதை வீணாக்காதீங்க. அளவே இல்லாம தோணினபடி நிட்டிங்கும் குரோஷேவும் கலந்து துண்டு துண்டா போட்டு ஜிக்சா மாதிரி அடுக்கிச் சேர்க்கறதுக்கு ஃப்ரீஃபார்ம்னு பெயர், அந்தத் துண்டுக்கு ஸ்க்ரம்பிள்னு சொல்வாங்க. பிரிட்டன்ல சில்வியா காஷ், ஜேம்ஸ் வால்டர்ஸ் ரெண்டு பேரும் இதைப் பெரிசா கொண்டு வந்தவங்க, ஆஸ்திரேலியாவுல பிரூடன்ஸ் மேப்ஸ்டோன் பல வருஷமா ஊர் ஊரா போய் சொல்லிக் கொடுத்தவங்க. எண்ணாம பண்றதுன்னு நினைச்சு எல்லாரும் இறங்குவாங்க, நான் பார்த்த வரைக்கும் அதுலயும் ஓரத்தைக் கவனிச்சவங்க துண்டுதான் சப்பையா படியுது.

அதுல ரெண்டு கணக்கு போதும். குரோஷே ஓரத்துல இருந்து நீடில்ல கண்ணி எடுத்து நிட்டிங் தொடங்கறீங்கன்னா, எல்லா ஸ்டிட்ச்சுலயும் ஒண்ணு எடுத்துட்டு, நாலஞ்சு ஸ்டிட்ச்சுக்கு ஒரு தடவை கூடுதலா ஒண்ணு எடுங்க, இல்லைன்னா நிட்டிங் இழுத்துப் பிடிச்சுக்கும். நிட்டிங் மேல அதே அளவு ஹூக்ல குரோஷே போடறீங்கன்னா அஞ்சாறுக்கு ஒண்ணு விட்டுடுங்க, ஸ்டாக்கினெட்டோட பக்கவாட்டு ஓரம்னா நாலு வரிசைக்கு மூணு. ரெண்டாவது, ரெண்டு துண்டுக்கு நடுவுல பள்ளம் வந்தா உசரமான ஸ்டிட்ச்சால நிரப்புங்க, மேடு இருக்கற இடத்துல சிங்கிள், இறங்க இறங்க ஹாஃப் டபுள், டபுள், அடியில ட்ரெபிள், மறுபடி அதே படி ஏறி வாங்க. ஓரம் நேராயிடும். அந்த வட்டத்தைச் சதுரமாக்கினதும் இதே வித்தைதான்.

எவ்வளவு பண்ணியும் ரெண்டு துண்டு ஒத்துப் போகலைன்னா கட்டாயப்படுத்தித் தைக்காதீங்க, நடுவுல இடைவெளி விட்டு வலை போட்டு நிரப்புங்க. இது ஐரிஷ் குரோஷேக்காரங்க வழி. 1840கள்ல அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தப்போ குரோஷே லேஸ் போட்டு வித்துத்தான் எத்தனையோ குடும்பம் சாப்பிட்டுச்சு, மொனகன் மாவட்டத்துல க்ளோன்ஸ்ங்கற ஊர் லேஸ் அதுல பெயர் போனது. ரோஜா, இலை, திராட்சைக் கொத்துன்னு தனித்தனியா போட்டு, பேட்டர்ன் வரைஞ்ச துணி மேல முகம் கீழ பார்க்க குத்தி நூலோட்டி, நடுவுல இருக்கற வெற்றிடத்தை செயின் வலையால நிரப்பி, கடைசியா துணியைப் பிரிச்சுடுவாங்க. ஒரு வீட்டுல போட்ட ரோஜாவும் இன்னொரு வீட்டுல போட்ட இலையும் ஒரு எண்ணிக்கையும் ஒத்துப் போகாது, வலைதான் ரெண்டுக்கும் நடுவுல சமாதானம் பேசும். நீங்களும் ஒரு பழைய வேட்டியில 16க்கு 160 வரைஞ்சுக்கிட்டு அது மேல உங்க இலையையும் சுருளையும் கவிழ்த்து வெச்சு குத்திப் பாருங்க. ஒரு வாரம் அப்படியே விடுங்க, போகும்போது வரும்போது பார்த்துப் பார்த்து இடம் மாத்துங்க. அக்கா ஊர் குளிருக்கு வலை சின்னதா, நெருக்கமா இருக்கட்டும், ரெண்டு விரல் நுழையற ஓட்டை வேண்டாம்.

நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டையும் சேர்ப்பேன். கழுத்தைச் சுத்தற நடு மீட்டர் முழுக்க கார்ட்டர் கட்டமும் ஓட்டையில்லாத கிரானியும் மாத்தி மாத்தி, அங்கதான் கதகதப்பு வேணும். ரெண்டு முனையிலயும் முன்னாடி தொங்கற 30 செ.மீ. மட்டும் அந்த இலையும் சுருளும், கோட்டு மேல எல்லார் கண்ணுக்கும் படறது அதுதானே.

கடைசியா முழு மஃப்ளரையும் சுத்தி ஒரு வரிசை சிங்கிள் போடுங்க, தையல் வர்ற இடத்துல ஒரு ஸ்டிட்ச் கம்மி பண்ணிக்குங்க, இல்லைன்னா அங்க அலை எடுக்கும். நூல் முனை எதையும் ஒரு சாணுக்குக் குறைச்சு வெட்டாதீங்க, ஒரு திசையில ஒளிச்சு, திரும்ப எதிர்த்திசையில ஒரு விரல் நீளம் ஒளிச்சு, துணியை ஒரு இழு இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் வெட்டுங்க. குஞ்சம் வைக்கறது உங்க இஷ்டம், எனக்கு என்னவோ இத்தனை கட்டம் இருக்கற துணிக்கு குஞ்சம் வேண்டாம்னு தோணும், கோட்டு ஜிப்புல வேற போய் மாட்டிக்கும்.

முதல் மூணு கட்டம், ஒரு கார்ட்டர், ஒரு கிரானி, ஒரு வட்டம், போட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓரத்தை எண்ணிட்டு சொல்லுங்க. 15 வராம 14ஓ 16ஓ வந்தா எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க, ஏத்தின பக்கமா செயின் பக்கமான்னு தெரிஞ்சா எங்க தப்புச்சுன்னு சொல்லிடுவேன்.